காட்டில் நின்ற கதவு

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபின்

அன்புள்ள ரெஜினாவுக்கு,

உன் ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது. 'நான் இங்கு நலம், உன் நலம் அறிய ஆவல்' என்றுதான் நம் கடிதங்கள் எப்போதும் தொடங்கும். இம்முறை அந்த வரியின் முற்பாதியை மட்டும் ஒத்திவைத்திருக்கிறேன். காரணத்தைப் போகப்போகத் தெரிந்துகொள்வாய். பிற்பாதியில் மாற்றமில்லை.

வெள்ளிக்கிழமை பேசியபோது, மஸ்கட் மருத்துவமனையில் உன் ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் மூன்று ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாய். 'எழுதுகிறேன்' என்றேன். 'மூஞ்சிக்கு நேரா பேசிக்கிட்டு இருக்கும்போதே எழுதறேன்னு சொல்ற ஒரே மனுசன் நீங்கதான்' என்று சிரித்தாய். சிரிக்கத் தகுந்ததுதான். ஆனால் கைபேசித் திரையில் உன் முகம் தெரிந்ததுமே 'எனக்கென்ன குறை, இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது' என்ற வாக்கியம் தானாகவே வெளியே வந்துவிடுகிறது. தாளில் எழுதும்போது அது அவ்வளவு எளிதாக வருவதில்லை. எனவே இந்த விரைவுத் தபால்.

நம் மகள் பிளசி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து நன்றாக இருக்கிறாள். அவள் படிப்பு முடியும்வரை என்றுதான் நீ புறப்பட்டுப் போனாய். படிப்பு முடிந்துவிட்டது என்பதை இருவருமே சொல்லாமல் பல வெள்ளிக்கிழமைகளைக் கடந்துவிட்டோம். சரி, அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் இங்கு அடித்த காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு பிற்பகலில், அரூர் அலுவலக மாடியில் நின்றிருந்தேன். எங்கள் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சித்தேரி மலைக்கு மேல் மட்டும் மேகம் கறுத்து, நீர் நிறைந்த துணிபோலத் தாழ்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு நூல் இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் கயிறாயிற்று, கயிறு தும்பிக்கையாயிற்று. அந்தத் தும்பிக்கை மலையின் முதுகை மெல்லத் தடவியபடி வடக்கே நகர்ந்தது. அவ்வளவு தூரத்தில் சத்தமே கேட்கவில்லை. கீழே தெருவில் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்; ஒரு பெண் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தும்பிக்கை மேலே சுருண்டு மேகத்துக்குள் போய்விட்டது. யாரோ எழுதிய வரியை யாரோ அழித்துவிட்டாற்போல மலை பழையபடி இருந்தது. ரெஜினா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அழிவை அல்ல, அதன் அமைதியை.

மலைமேல் உள்ள மேல்கோம்பை என்ற சிற்றூரின்மீது அது போயிருந்தது. நல்லவேளையாக அன்று சந்தை நாள். ஊரே வீடுகளைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. வீடுகளின் சேதத்தை மதிப்பிட்டு அறிக்கை தரும் பொறுப்பு, துணை வட்டாட்சியர் என்ற முறையில் எனக்கு வந்தது. ஆனால் மலைச்சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன. அவற்றை அறுத்து வழி உண்டாக்கி ஜீப் மேலே போவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நாள்கள் முழுதும் மாலைதோறும் மழை.

எங்கள் விதி உனக்கு மனப்பாடமாகியிருக்கும். அத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அதிகாரி நேரில் போக வேண்டும். கண்ணால் காணாததை எழுதக் கூடாது. பாதிக்கப்பட்டவர் சொல்லும் அளவை அப்படியே ஏற்கக் கூடாது. ஏனென்றால் தன் சேதத்தைத் தானே மதிப்பிட எவராலும் ஆகாது. சிலர் கூட்டிச் சொல்வார்கள். சிலர் குறைத்துச் சொல்வார்கள். இந்த இரண்டாம் வகையினரை என் பணிக்காலத்தில் நான் அதிகம் சந்தித்ததில்லை.

கிராம நிர்வாக அலுவலர் மதியழகனும் நானும் புறப்பட்டோம். மலைமேல் ஒரு வளைவைத் தாண்டியதும் காடு திறந்துகொண்டது. மரங்கள் ஒடிந்திருக்கவில்லை, துவைத்த துணியைப் பிழிந்ததுபோல் முறுக்கப்பட்டிருந்தன. ஒரு புளியமரத்தின் உச்சியில் மஞ்சள் புடவை ஒன்று காற்றில் அசைந்துகொண்டிருந்தது. 'சார், ஊருல ஒண்ணும் மிஞ்சியிருக்காதுங்க' என்றார் மதியழகன். எனக்கும் அந்த எண்ணம்தான்.

ஊருக்குள் நுழைந்தோம். ரெஜினா, நான் கனவு காண்கிறேனோ என்று தோன்றியது. அங்கே ஒரு சேதமும் இல்லை.

ஒவ்வொரு வாசலிலும் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. சுவர்களுக்குச் செம்மண் பூசி, கீழே காவிப் பட்டை இழுத்திருந்தார்கள். வீடுகளுக்கெல்லாம் கூரை இருந்தது. தெருவில் ஓர் இலை கிடையாது. தலைவாரிப் பூ வைத்த பெண்கள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். ஊர்ப் பெரியவர் கோவிந்தன் தோளில் மடித்த துண்டுடன் முன்னால் வந்து, 'வாங்க சார், வாங்க. எங்க ஊருக்கு ஆபீசருங்க வர்றதே பெரிசு. டீத்தண்ணி குடிச்சுட்டு அப்புறம் பாக்கலாங்க' என்றார்.

மதியழகனுக்கு ஆத்திரம். 'என்ன பெரியவரே, காத்தடிச்சுதுன்னு சொல்லிவுட்டீங்க. இங்க திருவிழா நடக்கற மாதிரி இருக்குது' என்று கேட்டார். அதற்குச் செல்லி என்ற பெண் பதில் சொன்னாள். நாற்பதைத் தாண்டிய வயது. துணைக்கு ஆளின்றித் தனியே உழுது வாழ்பவள். அந்த ஊரின் நாக்கு அவள்தான் என்பது உடனே விளங்கிவிட்டது. 'நல்லா கேட்டீங்க போங்க. நாலு பேரு வர்றாங்கன்னா வூட்ட அலங்கோலமாவா போட்டு வெக்கறது? உங்க வூட்டுக்கு விருந்தாளி ஒரம்பர வந்தா நீங்க கூட்டமாட்டீங்களா?'

புரிகிறதா? அதிகாரிகள் வருகிறார்கள் என்ற செய்தி போயிருக்கிறது. சிதைந்த வீட்டில் வெளியாள்களை வரவேற்பது மானக்கேடு என்று ஊரே இரவு பகலாய் உழைத்து, பறந்தது போக மிஞ்சிய ஓடுகளையும் தகரத்தையும் தழையையும் பகிர்ந்துகொண்டு, எல்லா வீட்டுக்கும் ஒரு தலையை உண்டாக்கிவிட்டிருக்கிறது. சேதத்தைக் காட்ட வேண்டிய நாளில் அதைக் கழுவித் துடைத்துவிட்டார்கள்.

நான் வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் நீல நிற நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, விளிம்பு நெளிந்த எவர்சில்வர் டம்ளரில் தேநீர் தந்தார்கள். இரண்டாம் வீட்டிலும் நீல நாற்காலி. மூன்றாம் வீட்டில் டம்ளரை வாங்கியபோது என் உதட்டுக்கு அந்த நெளிவு பழகியிருந்தது. அடுத்த வீட்டுக்கு நான் தெரு வழியாகப் போனேன். நாற்காலியும் டம்ளரும் கொல்லை வழியாக எனக்கு முன்பே போய்க்கொண்டிருந்தன. ஒரு வேலி இடைவெளியில், தலைகீழாகக் கவிழ்ந்த நீல நாற்காலி யாரோ ஒருவர் தலைமேல் ஓடுவதைக் கண்டேன். மொத்த ஊருக்கும் மிஞ்சியது ஒரு நாற்காலி, ஒரு டம்ளர். கொடுத்ததையெல்லாம் குடித்தேன். எல்லா வீட்டுத் தேநீருக்கும் ஒரே இனிப்பு.

செல்லியின் வீட்டு வாசலில் கதவுக்குப் பதில் பூப்போட்ட புடவை தொங்கியது. கதவு எங்கே என்று கேட்டேன். 'உள்ள காத்து வரட்டும்னு கழட்டிட்டேங்க' என்றாள். பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். 'வந்த காத்து போதாதாக்கும்' என்று ஒரு குரல் கேட்டது.

பிறகு எல்லோரையும் மரத்தடியில் உட்கார வைத்து விதியைச் சொன்னேன். நான் கண்டதைத்தான் எழுத முடியும். கண்டது சேதமற்ற ஊர். அப்படியே எழுதிவிட்டால் கூரைக்கான உதவி, விதைக்கான உதவி எதுவும் வராது. ஆடி மழையில் இந்தத் தழைகள் நில்லா. கோவிந்தன் மிகுந்த பணிவோடு, 'அப்படீங்களா சார்? அப்ப ஒண்ணு பண்ணிரலாங்க. நீங்க சித்த நேரம் நெழல்ல படுங்க. நாங்க எல்லாத்தையும் பழையபடி பிரிச்சுப் போட்டுர்றோம்' என்றார். இளைஞர்கள் சிலர் எழுந்தேவிட்டார்கள். கையால் பிரித்தது காற்றால் பிரிந்தது ஆகாது என்று தடுத்தேன். 'அப்ப காத்தையே மறுபடியும் வரச்சொல்லி மனு குடுக்கணுங்களா?' என்றாள் செல்லி. இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை.

அப்போது எனக்குப் புளியமரத்து மஞ்சள் புடவை நினைவுக்கு வந்தது. காற்று எடுத்துப் போனவை எங்கே என்று கேட்டேன். 'அதெல்லாம் காட்டுலதாங்க கெடக்குது' என்றார் கோவிந்தன். ஏன் எடுத்து வரவில்லை என்றதற்கு, 'எடுத்தாந்தா ஒடைசலெல்லாம் ஊருக்குள்ள தெரியுமுங்களே' என்றார். காடு அவர்கள் வீடல்ல, எனவே கூட்டப்படவில்லை. விதியும் சேதம் எந்த இடத்தில் காணப்பட வேண்டும் என்று வரையறுக்கவில்லை. கண்ணால் காண வேண்டும், அவ்வளவுதான். எழுந்து நடந்தேன். ஊர் என் பின்னால் வந்தது.

அந்த நடையை எப்படி உனக்குச் சொல்வது! ஒரு வீட்டின் உள்ளே நடப்பதுபோல் காட்டுக்குள் நடந்தோம். சுவர்தான் இல்லை. ஒரு பலாமரக் கிளையில் தகரம் ஒன்று வெற்றிலைபோல் மடிந்து செருகியிருந்தது. புதர்மேல் ஒரு குழந்தையின் தூளித்துணி விரிந்திருந்தது, யாரோ உலர்த்தப் போட்டதுபோல். பாறைக் குழியில் தேங்கிய மழைநீரில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி உடையாமல் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் மேகம் போயிற்று. முதலில் எவரும் எதையும் தன்னுடையது என்று சொல்லவில்லை. நான் ஒன்றைத் தொட்டுக் கேட்டால், அடுத்தவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

காடு சரிந்து இறங்கும் இடத்தில் மதியழகன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கீழே, சருகும் ஒடிந்த கிளையும் நிறைந்த தரையில், பச்சையாக ஒரு கோடு ஓடியது. கோடு வளைந்து, தன்னையே ஒரு முறை சுற்றி, மறுபடி விரிந்து, மரங்களுக்கு நடுவே மறைந்தது. குனிந்து பார்த்தேன். ராகி நாற்று. காற்று ஒரு விதை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும் வழியெல்லாம் கொட்டியிருக்கிறது. மாலை மழை அதை முளைக்க வைத்திருக்கிறது. காற்று போன தடத்தை இதற்கு முன் நான் கண்ணால் கண்டதில்லை. அன்று கண்டேன். விரற்கடை உயரத்துக்கு, இளம்பச்சை நிறத்தில், வளைந்து வளைந்து.

அந்தக் கோட்டின் முடிவில் கதவு நின்றது. நிலையோடு பெயர்ந்து வந்து, ஒரு பாறைக்கும் மரத்துக்கும் இடையே செங்குத்தாக, யாரோ தச்சர் பார்த்து நிறுத்தியதுபோல். சாத்தியிருந்தது. நாதாங்கியில் பூட்டுத் தொங்கியது. அதன் இருபுறமும் காடு.

செல்லி எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். 'சந்தைக்குப் போறப்ப நாந்தான் பூட்டுனேன்' என்றாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். வீடு பறந்த பிறகும் அந்தச் சாவியை அவள் அவிழ்க்கவில்லை. பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, ஓரமாக நின்று, 'உள்ள வாங்க சார்' என்றாள். பழைய கேலிக்குரல்தான். கதவுக்கு அப்பால் ஈரமான மரங்களும் அவற்றின்மேல் வெயிலும் இருந்தன. அவள் அதைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்வதுபோல் நிலைக்கட்டையில் உட்கார்ந்துகொண்டாள். 'வெதைக்குன்னு வெச்சிருந்த ராகி சார். என் வூட்டு ராகி. வூட்டுல ஒண்ணுமே இல்லீங்க. ஒண்ணுமே இல்ல' என்றாள். தோள் குலுங்கியது.

அதுவரை ஊரில் அழுதவர் ஒருவருமில்லை. அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. தூளித்துணிக்கு ஒரு தாய் வந்தாள். மடிந்த தகரத்தைத் தன் கூரை என்று கோவிந்தனே தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். 'வெக்கமா இருந்துச்சுங்க' என்றார். நான் எழுதிக்கொண்டே போனேன். திரும்பி ஊருக்குள் வந்து, அழகாகப் பூசிய ஒரு சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே இறங்கியது. ஈரம் காயாத புது மண். பின்னால் ஓலைக் கிடுகும் குச்சியும்தான். செல்லி வீட்டு வாசல் புடவையை விலக்கி, நிலை பெயர்ந்த பள்ளத்தைப் பார்த்தேன். இப்போது எல்லாம் தெரிந்தது. அறிக்கையில், 'சேதம் மறைக்கப்பட்டிருந்தது, மறைத்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களே, மறைத்ததன் நோக்கம் விருந்தோம்பல்' என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு, இது என்ன சொல் என்று கேட்டார். டம்ளரைப் பற்றிச் சொன்னேன். கையொப்பமிட்டார். நேற்று உதவிக்கான உத்தரவு வந்துவிட்டது. காட்டில் முளைத்த நாற்றைப் பிடுங்கித் தன் வயலில் நடப்போவதாகச் செல்லி சொல்லியனுப்பியிருக்கிறாள்.

மலையிலிருந்து இறங்கிய அன்று மாலை வீடு திரும்பினேன். கதவைத் திறந்து உள்ளே போகாமல் வாசலில் நின்றேன். பணியின் பழக்கம் முழுமையாக என்னை விட்டு நீங்கியிருக்கவில்லை போலும். நம் வீட்டையும் ஓர் அதிகாரியின் கண்ணால் பார்த்தேன்.

கூரையும் சுவரும் நலம். கூடத்தில் ஒரு நாற்காலி, வெள்ளையடித்த சுவரை ஒட்டி. வெள்ளிக்கிழமைகளில் நீ பார்ப்பது அந்தச் சுவரைத்தான். அதற்கு எதிர்ச் சுவரின் ஒட்டடையை நீ பார்த்திருக்க முடியாது. கைபேசி அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சமையலறை மேடையில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது. மற்றவை அலமாரியில், நீ அடுக்கிய வரிசையில், தூசியோடு. நம் கட்டிலில் உன் பக்கத்துப் போர்வை நீ போன அன்று மடித்த மடிப்பில் இருக்கிறது. நான் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறேன். சாப்பாடு மெஸ்ஸில். நாள் முழுதும் பேசுகிறேன். இந்த வீட்டுக்குள் மட்டும் என் குரலை நானே கேட்டு நெடுநாளாகிறது.

நீ ஆண்டுதோறும் விடுப்பில் வரும்போது இதையெல்லாம் கண்டதில்லை. நீ வரும் தேதி எனக்கு முன்பே தெரியும். சுண்ணாம்பு அடித்து, திரை மாற்றி, தொட்டியில் புதுச் செடி வைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். போன முறை கிளம்பும்போது நீ வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, 'நான் இல்லாமலே வீடு நல்லாத்தான் இருக்குதுங்க' என்றாய். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன். விமான நிலையம்வரை நீ பேசவே இல்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா என்று நான் சொல்வதற்கில்லை. உன் வேலையை நீ எவ்வளவு நேசிக்கிறாய் என்பதும், அங்கே உன் கையை நம்பிப் படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதோடு, தன் சேதத்தைத் தானே மதிப்பிடக் கூடாது என்பது விதி. நான் மதிப்பிட்டால் 'ஒன்றுமில்லை' என்றே எழுதுவேன். ஆகவே தகுதியுள்ள ஒருவர் நேரில் வந்து, கண்ணால் பார்த்து, தீர்ப்பு எழுத வேண்டும். அது நீதான்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். கையெழுத்திடும் முன் ஒரு முறை வந்து பார். வரும் நாளை எனக்குத் தெரிவிக்காதே; தெரிந்தால் கூட்டிவிடுவேன். நம்மையறியாமல் கை துடைப்பத்தை எடுத்துவிடுகிறது. பார்த்த பிறகு நீ என்ன முடிவு செய்தாலும் அதற்கு நான் கட்டுப்படுவேன். நீ திரும்பிப் போவதாயிருந்தாலும், எதை விட்டுப் போகிறாய் என்று தெரிந்து போவாய்.

வழியெல்லாம் மாதா உனக்குத் துணையிருக்கட்டும். முதல் வரியில் எழுதாமல் விட்ட இடத்தை அப்படியே வைத்திருக்கிறேன். நான் நலமா இல்லையா என்பதை வந்து பார்த்து நீயே எழுது.

நான் வீட்டில் இல்லாத நேரமாக இருந்தால் வாசலில் காத்திருக்க வேண்டாம். சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது. திறந்துகொண்டு உள்ளே வா.

என்றும் உன்,
ஸ்தனிஸ்லாஸ்